காவிரிப் படுகையின் சமயங்கள் – 17: பூசும் விரல்

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே உள்ள கூத்தாநல்லூரில் ஒரு முளைக்குச்சியை அடித்து, அதில் கயிறு கட்டி வட்டம் போட்டுக்கொண்டுதான் இந்தத் தொடரை ஆரம்பித்தோம். அந்த வட்டத்துக்குள் மேற்கே ராஜகோபாலசாமி, கிழக்கே தியாகராஜர், கடலோரத்தில் நாகூர், அதற்குத் தெற்கே வேளாங்கண்ணி என்று எல்லாரும் இருக்கிறார்கள். சென்ற இதழில் நாகூர்க் கந்தூரியைப் பார்த்தோம்: நாகப்பட்டினத்திலிருந்து கூட்டில் வரும் சந்தனம் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தில் பூசப்படும் இரவு. சிவன் கோயில்களில் அபிஷேகம் எண்ணெய்க்காப்பில் தொடங்குகிறது. சற்றே மேற்கே போனால், ஸ்ரீரங்கத்தில் சுதையால் ஆன பெரிய பெருமாளுக்குத் தண்ணீர் அபிஷேகம் இல்லை, தைலக்காப்புத்தான். பூசுவதும் சொரிவதும் புனிதத்தின் மொழி என்பதை இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அப்படியென்றால் கிறிஸ்தவர்களின் திருஎண்ணெய் இங்கே வந்தபோது என்ன புதிதைக் கொண்டுவந்தது? இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடையை முதலில் சொல்லிவிடலாம். எண்ணெய் பலத்தின் அடையாளம்; மல்யுத்த வீரன் உடம்பில் தடவுவதுபோல் ஞானஸ்நானம் பெறுகிறவனைத் தீமையோடு போராடத் தயார் செய்கிறது. எண்ணெய் மருந்து, காயத்தை ஆற்றுகிறது. எண்ணெய் வெளிச்சம், விளக்கில் எரிகிறது. எண்ணெய் மகிழ்ச்சி, விருந்தாளியின் தலையில் மணக்கிறது. எண்ணெய் அரசுரிமை, சவுலும் தாவீதும் சாமுவேலின் கையால் பெற்றது. இவற்றுக்கு மேல் தூய ஆவியின் வருகை. பட்டியல் சரிதான். ஆனால் கடைசியைத் தவிர மற்ற அனைத்தும் காவிரிக் கரையின் குடியானவனுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கர்லாக்கட்டை சுற்றுகிறவனுக்கு எண்ணெய், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய், அகல்விளக்குக்கு எண்ணெய், தீபாவளி விடியலுக்கு எண்ணெய், பட்டாபிஷேகத்துக்குத் தைலம். எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய். தாளடி அறுத்த பிறகு தாழ்ந்த வயலில் உளுந்தும் பயறும் விதைத்து, மேட்டுப் பாங்கான இடத்தில் எள்ளை விதைத்த நாடு இது. அந்த எள்ளின் பெயர் தேங்காய்க்கும் கடலைக்கும் போய், கடைசியில் யூதேயாவின் ஒலிவத்துக்கும் போயிற்று. 'ஒலிவ எண்ணெய்' என்று விவிலியத்தில் படிக்கிற ஒவ்வொரு தமிழ்க் கிறிஸ்தவரும் சொல்லின் வேரில் நல்லெண்ணெயைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

என் வாதம் இது: கிறிஸ்தவத் திருஎண்ணெயில் தமிழகத்துக்குப் புதிதாக இருந்தது எண்ணெயைவிட, அதைப் பூசிய விரல்தான். திருஎண்ணெயைக் குப்பியில் அடைத்து எங்கும் அனுப்பலாம். பூசுதலை அப்படி அனுப்ப முடியாது. ஒருவர் மற்றொருவரின் தோலைத் தொட்டால்தான் அது நடக்கும். யார் யாரைத் தொடலாம் என்பதே சமூக ஒழுங்கின் முதல் சட்டமாக இருந்த நிலத்தில், இந்தச் சிறு செய்கை இறையியலைவிடப் பெரிய கேள்வியைக் கிளப்பியது. அந்தக் கேள்விக்கு ஆவணச் சான்று இருக்கிறது. அதற்கு முன், சொற்களே ஒரு சான்று.

'கிறிஸ்து' என்பது இயற்பெயர் இல்லை. எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள்படும் கிரேக்கப் பட்டம். எபிரேயத்தில் அது மெசியா. அதன் வேர்ச்சொல் முதலில் குறித்தது ஊற்றுவதை அன்று, தடவுவதை: கேடயத்தின் தோலில் எண்ணெய் தடவுவதற்கும், அடையின் மேல் எண்ணெய் தடவுவதற்கும் அதே வினைதான். தமிழுக்கு வரும்போது இந்த ஒரு சொல் இரண்டாகப் பிளந்தது. 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த, இன்றும் புராட்டஸ்தாந்து சபைகளில் பெரும்பாலும் படிக்கப்படும் விவிலியத்தில், அரசர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் நடப்பது 'அபிஷேகம்'. யாக்கோபின் நிருபத்தில் நோயாளிக்கு மூப்பர்கள் செய்வது 'எண்ணெய் பூசுதல்'. மூலத்திலும் அங்கே வேறு சொல்தான், வீட்டில் அன்றாடம் எண்ணெய் தேய்ப்பதற்கான கிரேக்கச் சொல். ஆகவே மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் தமிழில் விளைவு கவனிக்கத்தக்கது. அபிஷேகம் கோயிலின் சொல், அரண்மனையின் சொல். அதில் குடம் இருக்கிறது, உயரத்திலிருந்து விழும் தாரை இருக்கிறது, தொடுகிற கை கண்ணில் படுவதில்லை. பூசுவது சாந்துக்கும் மஞ்சளுக்கும் உரிய சொல். கையில்லாமல் அந்த வினை நடக்காது.

கத்தோலிக்கர்கள் தம் அருட்சாதனங்களுக்குப் பெயர் வைத்தபோது எந்தச் சொல்லை எடுத்தார்கள் என்று பாருங்கள். ஞானஸ்நானம் பெற்றவரைத் திடப்படுத்தும் 'உறுதிபூசுதல்', சாகக்கிடக்கிறவருக்கான 'அவஸ்தைப்பூசுதல்'. ஏழில் இரண்டு, பெயரிலேயே பூசுதலைத் தாங்கி நிற்கின்றன. அபிஷேகம் என்ற கம்பீரமான சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இந்தச் சாதாரண வினையே நிலைத்தது. சடங்கை நேரில் கண்டவர்கள் கண்டதைச் சொன்னார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வடசொல்லைத் தவிர்த்து 'அருள்பொழிவு', 'திருப்பொழிவு' என்று எழுதிற்று. அழகான சொற்கள்தான். ஆனாலும் பொழிவது மழை. அங்கேயும் விரல் மறைந்துவிட்டது. தூய தமிழ் ஆக்கிய பிறகும் அபிஷேகத்தின் குடம் கைவிடப்படவில்லை என்பது என் சிறு மனக்குறை.

இனிச் சடங்கு. யாத்திராகமத்தில் மோசேக்குச் சொல்லப்பட்ட கலவையில் வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அவற்றோடு ஒலிவ எண்ணெய். வசம்பைத் தமிழ்ப் பாட்டிகள் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள். மோசேயின் கூடாரத்துக்கும் நம் தொட்டிலுக்கும் ஒரே சரக்கை மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். கிறிஸ்தவர்கள் இந்தப் பட்டியலைச் சுருக்கினர். கத்தோலிக்க மரபில் மூன்று எண்ணெய்கள்: ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, நறுமணப் பிசின் கலந்த கிறிஸ்மா ஒன்று. பெரிய வாரத்தில் ஆயர் இவற்றை மந்திரித்து அந்த ஆண்டுக்கென்று பங்குகளுக்குக் கொடுக்கிறார். 1952இல் தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவான பிறகு இந்த வட்டத்தின் பங்குகளுக்கு எண்ணெய் வருவது தஞ்சை ஆயரிடமிருந்து. எண்ணெய் ஆண்டுதோறும் புதிதாகும், பழையதை எரித்துவிட வேண்டும் என்பது பழைய விதி. ஒலிவ மரமே இல்லாத நாட்டில் அந்தக் குப்பி கடல் கடந்துதான் வந்தாக வேண்டியிருந்தது.

ஆனால் சரக்கைவிட முக்கியம், அதைப் பயன்படுத்தும் விதம். 1614இல் ரோம் வெளியிட்ட சடங்கு நூலின்படி, சாகக்கிடக்கிறவருக்குக் குரு தம் கட்டைவிரலை எண்ணெயில் தோய்த்துக் கண்களிலும் காதுகளிலும் மூக்கிலும் உதடுகளிலும் கைகளிலும் கால்களிலும் சிலுவை வரைவார். ஐம்புலன்கள் செய்த பாவத்துக்கும் நடந்த வழிக்கும் மன்னிப்பு. பின்னாளில் 1917இன் திருச்சபைச் சட்டம், கடும் அவசியம் இல்லாமல் எந்தக் கருவியும் பயன்படுத்தக் கூடாது, குருவின் கையே பூச வேண்டும் என்று விதித்தது. 1983இன் சட்டமும் இதையே திரும்பச் சொல்கிறது. பூசுதலில் தொடுதல் தற்செயலானது, எண்ணெயே சாரம் என்று வாதிடுகிறவர்களுக்கு முதல் பதில் இந்தச் சட்டம். எண்ணெய் மட்டும் போதுமென்றால் ஒரு குச்சியில் பஞ்சு சுற்றித் தடவிவிட்டுப் போகலாமே. 2020இன் பெருந்தொற்றில் பல நாடுகளில் பஞ்சைப் பயன்படுத்தத்தான் செய்தார்கள். அது விதிவிலக்கு என்பதால்தான் பேச்சாயிற்று.

இந்தியாவில் இந்த விரல் சந்தித்த முதல் பெரிய எதிர்ப்பு நம் வட்டத்துக்கு வெளியே, மலையாளக் கரையில். தோமா கிறிஸ்தவர்களைப் போர்த்துக்கீசியர் ரோமின் கீழ் கொண்டுவர முயன்ற காலம். 1599இல் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனெசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தின் தீர்மானங்கள், அந்தக் கிறிஸ்தவர்களிடம் அதுவரை இருந்த பழக்கம் ஒன்றைக் குற்றமாகப் பதிவு செய்தன: ஞானஸ்நானத்தின்போது அவர்கள் மந்திரிக்கப்படாத தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தடவினார்களாம். நமக்கு அந்தக் குற்றப்பட்டியல் ஒரு புதையல். ஒலிவத்துக்குக் காத்திராமல், உள்ளூர் எண்ணெயே அங்கே சமயக் கடமையைச் செய்துகொண்டிருந்தது என்பதற்கு, அதைத் தடைசெய்தவர்களே சாட்சி. தோமாவின் பெயரில் 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூலில், கொண்டபோரஸ் என்னும் இந்திய அரசனுக்கும் அவன் தம்பிக்கும் அப்போஸ்தலர் கொடுக்கும் முத்திரை எண்ணெய்தான். அந்தக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; இந்தியக் கிறிஸ்தவத்தைக் கற்பனை செய்தவர்கள்கூட அதை எண்ணெயோடு சேர்த்தே கற்பனை செய்தார்கள் என்பது போதும்.

அதே மெனெசிஸ் உறுதிபூசுதல் கொடுக்க ஊர் ஊராகப் போனபோதுதான் சண்டை வந்தது. அவருடைய பயணத்தை எழுதி 1606இல் கோயிம்பிராவில் வெளியிட்ட அந்தோனியோ தெ கோவேயா, எதிர்த்தவர்களின் வாதத்தை மறைக்கவில்லை. நெற்றியில் குறி போடுவதும் கன்னத்தில் தட்டுவதும் தங்களைப் போர்த்துக்கீசியரின் அடிமைகளாக்கும் தந்திரம் என்றார்கள் அவர்கள். அக்காலச் சடங்கில், பூசிய பிறகு ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டுவது உண்டு. துன்பத்தைத் தாங்கும் வீரத்தின் அடையாளம் என்பார்கள். அதை வாங்க வேண்டியவருக்கு அது அறை. கவனியுங்கள், எண்ணெயை யாரும் மறுக்கவில்லை. எண்ணெய் அவர்களிடமே இருந்தது. நெற்றியைத் தொட்ட அந்நியக் கைதான் சினத்தை மூட்டியது. இங்கே தொடுதல் ஆதிக்கமாகப் படுகிறது. தமிழகத்தின் உட்பகுதியில் கதை தலைகீழாக நடந்தது: தொட வேண்டியவர் தொடத் தயங்கினார்.

யேசு சபைக் குரு ரொபெர்த்தோ தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, துறவியாக உடை உடுத்து, மேல்சாதியாரிடம் போக வழி தேடினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மூடநம்பிக்கை கலவாமல் இருந்தால் தகும் என்று 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். ஒரே ஆளால் அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் போக முடியாது என்பது தெரிந்ததும், 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவுத் துறவிகள் வந்தனர். ஆயினும் பண்டாரசாமியும், அன்றைய ஆவணங்கள் பறையர் என்று குறிக்கும் மக்களின் வீட்டுக்குள் நுழைந்தால், மறுநாள் வேளாளர் வீட்டில் அவருக்கு இடமில்லை. ஆரோக்கியமாக இருப்பவர் கோயிலின் தனிப்பகுதிக்கு வந்து பூசை காணலாம். ஞானஸ்நானத் தண்ணீரை உபதேசியாரே ஆபத்துக் காலத்தில் ஊற்றிவிடலாம், திருச்சபை அதை அனுமதிக்கிறது. வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியது இந்த உபதேசியார்களுக்காகத்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியைச் சுற்றிய ஊர்களில் குருவைக் கண்டதைவிட உபதேசியாரைக் கண்டவர்கள்தான் மிகுதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உபதேசியார் எண்ணெய் பூச முடியாது. நோயாளிக்குப் பூசுதல் குருவுக்கு மட்டுமே உரியது. ஆகவே சேரியில் ஒருவர் சாகக்கிடந்தால் இரண்டே வழி: குரு குடிசைக்குப் போக வேண்டும், அல்லது சாகிறவரைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வர வேண்டும். பல இடங்களில் இரண்டாவதே நடந்தது.

இந்த நிலையில்தான் பாப்பரசரின் தூதர் சார்ல் தோமா மயார் தெ துர்னோன் 1703இன் இறுதியில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழியில் சில மாதங்கள் தங்கி, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணையைப் பிறப்பித்தார். மலபார்ச் சடங்குகள் என்ற பெயரில் 40 ஆண்டு நீடித்த சண்டையின் தொடக்கம் அது. தாலி, திருநீறு, பூப்புச் சடங்கு என்று பல தடைகள். இரண்டு விதிகள் நமக்கு வேண்டியவை. ஞானஸ்நானத்தில் குருவின் எச்சில் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைக்கும் செய்கையை விட்டுவிடக் கூடாது என்றது ஒன்று. எச்சில் என்றால் தமிழகத்தில் என்ன என்று விளக்க வேண்டுமா? மற்றது, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளை அவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், கோயிலுக்குத் தூக்கிவரும்வரை காத்திருக்கக் கூடாது என்றது. பிற சமய வைத்தியர்களும் மறுக்காத உதவியை ஆன்மாவின் வைத்தியர்கள் மறுப்பதா என்ற தொனியில் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது.

அந்த விதியைச் சடங்கு நூலோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும். குடிசைக்குள் போவது பாதிதான். போனபின் குரு குனிந்து கட்டைவிரலால் அந்த மனிதரின் கண்ணைத் தொட வேண்டும், உதட்டைத் தொட வேண்டும், முடிவில் பாதத்தைத் தொட வேண்டும். தமிழகத்தில் பாதத்தைத் தொடும் கை எப்போதும் கீழே இருப்பவருடையது: மாணவன் ஆசிரியரின் காலை, மருமகள் மாமியாரின் காலை, குடியானவன் ஆண்டையின் காலை. துறவிக் கோலத்தில், சுவாமி என்று அழைக்கப்பட்டு, மற்றவர்களால் காலில் விழுந்து வணங்கப்பட்ட ஒருவர், பண்ணையாளின் சேறு படிந்த காலில் எண்ணெய் தடவி மன்னிப்பு வேண்டுவது அந்தத் திசையையே மாற்றுகிற செய்கை. யேசு சபையார் தயங்கியதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அந்த ஒரு தொடுதலால் மற்ற நூறு வீடுகள் மூடிவிடும் என்ற அவர்களின் கணக்கு தவறானதல்ல. ஆனால் கணக்கு சரியாக இருந்ததுதான் இங்கே சான்று. எண்ணெயின் பொருள் மட்டுமே கேள்வியாக இருந்திருந்தால், அந்தக் கணக்கைப் போடவே தேவை இருந்திராது.

சண்டை ரோமுக்கும் இந்தியாவுக்கும் இடையே போய்வந்தது. எச்சில் விஷயத்தில் சில காலத்துக்குத் தளர்வு கிடைத்தது. நோயாளி விஷயத்தில் ஒரு சமரசம் பிறந்தது: ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்றே சில குருக்களைத் தனியே நியமிப்பது. பதினான்காம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணை இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு சச்சரவை முடித்துவைத்தது. அதாவது, எல்லாரையும் ஒரே விரல் தொட வேண்டும் என்று தொடங்கிய ஆணை, இவர்களுக்கு ஒரு விரல், அவர்களுக்கு ஒரு விரல் என்பதில் வந்து முடிந்தது. தோல்விதான். ஆனால் எதில் தோற்றது என்பது தெளிவாக இருக்கிறது.

இங்கே தஞ்சைக்காரர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: தொடுதல் இங்கே புதிதா? சாவு வீட்டில் பிணத்தின் தலையில் உறவுக்காரர்கள் எண்ணெயும் சீயக்காயும் வைப்பதில்லையா? நலங்கில் எண்ணெய் வைப்பதில்லையா? வலுவான மறுப்பு இது. ஆனால் அந்த எண்ணெயை யார் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று முறை பார்த்துத்தான் எண்ணெய் வைப்பார்கள். வைக்கும் உரிமைக்காகச் சண்டை போட்டுக்கொள்வதும் உண்டு. தலைக்கு எண்ணெய் வைப்பவர் இரத்த உறவு அல்லது கொண்டு கொடுத்த உறவு. ஆகவே சாவுப் படுக்கையில் குருவின் எண்ணெய் தமிழனுக்கு அர்த்தமற்றதாக இருக்கவில்லை. வேண்டியதற்கு மேல் அர்த்தம் இருந்தது. அது முறை கொண்டாடுவது. கோயில் அபிஷேகத்திலும் தொடுதல் உண்டு, ஆனால் அர்ச்சகரின் கை தெய்வத்தைத் தொடுகிறது. பக்தனின் உள்ளங்கையில் விபூதி மேலிருந்து விழுகிறது. உறவுக்குள் தொடுதல், தெய்வத்தைத் தொடுதல் என்ற இரண்டும் இங்கே பழையவை. உறவு இல்லாதவரைப் புனிதமானவர் என்று சொல்லித் தொடுவதுதான் புதிது.

இரண்டாவது மறுப்பு தரங்கம்பாடியிலிருந்து வரும். 1706 ஜூலை 9இல் சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கிய காலத்திலிருந்து, இந்தப் படுகையில் எண்ணெயே இல்லாத ஒரு கிறிஸ்தவம் வளர்ந்தது. 1520இல் மார்ட்டின் லூத்தர், அவஸ்தைப்பூசுதல் கிறிஸ்து ஏற்படுத்திய சாதனமே இல்லை என்று எழுதிவிட்டார்; யாக்கோபு சொன்னது நோயாளி குணமாவதற்கு, நீங்கள் அதைச் சாகிறவனுக்குக் கொடுக்கிறீர்கள் என்பது அவருடைய கூர்மையான கேள்வி. 1551இல் திரெந்து சங்கம் அவரை மறுத்தது. பின்னாளில் மன்னார்குடியில் ஃபின்லே பள்ளியை வளர்த்த வெஸ்லியன் மிஷனுக்கும் எண்ணெய்ச் சாதனம் கிடையாது. எண்ணெய் இல்லாமலே அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள் என்றால், விரலுக்கு என்ன சிறப்பு?

தஞ்சை சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஷ்வார்ட்ஸ் கோயிலில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் ஒன்று இருக்கிறது. 1798 பிப்ரவரி 13இல் இறந்த ஷ்வார்ட்ஸின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் செய்யச் சொன்னது. சாகக்கிடக்கும் லூத்தரன் போதகரின் கையை மராட்டிய அரசர் பிடித்திருக்கிறார். எண்ணெய் இல்லை, தொடுதல் இருக்கிறது. எண்ணெயைத் துறந்த மரபும் தன் மரணப் படுக்கையைச் சித்தரிக்க நேர்ந்தபோது கையைத்தான் தேர்ந்தது. அதோடு, எண்ணெய் இல்லாததால் தஞ்சைப் புராட்டஸ்தாந்தியர் தொடுதல் சண்டையிலிருந்து தப்பவுமில்லை. அங்கே சண்டை கிண்ணத்தில் வந்தது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்திலிருந்து எல்லாச் சாதியாரும் குடிப்பதா என்ற கேள்வியில், சாதி வேற்றுமையை உடனே முற்றாக விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அவரோடு நின்ற வேளாளக் கிறிஸ்தவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். மதுரை மிஷனில் எச்சிலும் எண்ணெயும், தஞ்சையில் கிண்ணம். எந்தச் சடங்கில் உடம்பு உடம்பைச் சந்திக்கிறதோ அந்தச் சடங்கிலேயே பிளவு வந்தது. பிரசங்கத்தைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ இந்த அளவுக்குச் சண்டை வந்ததில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு மிகவும் கடினமானது. எண்ணெய் பூசி 400 ஆண்டு ஆயிற்று, சாதி போயிற்றா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கொரு சிறகாக இரு கிளைபிரிந்த கோயிலைக் கட்டினார்கள். தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது, அதையும் எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. பிரித்துவைத்த கல்லறைத் தோட்டங்கள் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எண்ணெய் சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவுமில்லை. ஒழிக்கவில்லை. ஆனால் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எங்கே சுவர் எழுப்ப வேண்டியிருந்தது என்பதை எண்ணெய் காட்டிக்கொடுத்தது. 1744இன் சமரசம் தேவைப்பட்டதே, பூசுதல் தன் இயல்பில் எல்லாரையும் ஒரே விரலின் கீழ் கொண்டுவரும் என்பதால்தான். ஆபத்தில்லாத அடையாளத்துக்கு யாரும் தனிக் குருவை நியமிப்பதில்லை.

பிற்காலத்தில் ரோமே மெதுவாக இந்தப் பக்கம் நகர்ந்தது. அவஸ்தைப்பூசுதல் என்ற பெயரே குருவைக் கூப்பிடத் தாமதிக்க வைத்தது. 'அவஸ்தை கொடுத்தாயிற்று' என்றால் பாடை கட்டலாம் என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், நோயாளிக்குப் பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்றது. தமிழில் 'நோயில் பூசுதல்' ஆயிற்று. லூத்தரின் கேள்வியில் பாதியை, அவர் பெயரைச் சொல்லாமல், 443 ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார்கள். 1971இல் உறுதிபூசுதலின் கன்னத் தட்டு புதிய சடங்கில் இல்லாமல் போயிற்று. 1972 நவம்பர் 30இல் பாப்பரசர் ஆறாம் பவுல், கண், காது, மூக்கு என்ற நீண்ட வரிசையை நெற்றி, கைகள் என்று குறைத்தார். பாதம் விடுபட்டுப்போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதே ஆணையில், ஒலிவ எண்ணெய் கிடைக்காத அல்லது கிடைப்பது கடினமான இடங்களில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியும் இருந்தது. 1599இல் உதயம்பேரூரில் குற்றமாக எழுதப்பட்ட நல்லெண்ணெய், 373 ஆண்டுகளுக்குப் பிறகு குற்றமற்றதாயிற்று. கூத்தாநல்லூரைச் சுற்றிய மேட்டு நிலத்து எள்ளும் இனி அந்தக் குப்பிக்குள் போகலாம். ஒலிவம்தான் புனிதத்தின் சாரம் என்று நம்பியவர்களுக்கு இது இடித்திருக்கும். எண்ணெய் மாறலாம், கை மாறக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டதே.

இதற்கு நேர்மாறான போக்கும் இதே படுகையில் உண்டு. ஜெபித்த எண்ணெய் என்று குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பும் ஊழியங்கள் பெருகியிருக்கின்றன. அங்கே அபிஷேகம் என்ற சொல் முழங்குகிறது. பூசுகிற கை வாங்குபவரின் கையேதான். அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை, ஆனால் யாக்கோபு மூப்பர்களை வரவழைக்கச் சொன்னார், குப்பியை அல்ல. வேளாங்கண்ணி எண்ணெயின் கதை வேறு. மாதா படம் ஒட்டிய சிறு குப்பிகள். திருச்சபையின் கணக்கில் அது அருட்சாதனம் இல்லை, பக்தி முயற்சிதான். ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் திருவிழாவுக்கு நடந்துபோகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம். அந்தக் குப்பி எந்த வீட்டுக்குப் போகும் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சட்டம் குருவுக்கு மட்டும் ஒதுக்கிய விரல் அங்கே தாயின் விரலாகிவிடுகிறது: காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஒரு சொட்டு, தேய்த்துவிட்ட எண்ணெய் கையில் மிச்சமிருந்தால் பக்கத்தில் படுத்திருக்கும் மற்றப் பிள்ளைக்கும்.

அடுத்த இதழில்: தரங்கம்பாடியின் அச்சும் பொறையாறின் காகிதமும்.